நிக்கல் சக்கரமும் ஒரு டம்ளர் தண்ணீரும்

போன வாரம், சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில், நான் வேலை பார்த்த டயர் பட்டறையிலிருந்து போன் வந்தது. ஓய்வு பெற்ற ஒருவனை வேலை விஷயமாக யாராவது கூப்பிட்டால் அவன் நெஞ்சு எத்தனை அங்குலம் விரியும் என்பது ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே தெரியும். மற்றபடி எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்பவை. வேண்டும் என்றால் அவர்களே போனை வைத்துவிடுகிறார்கள்.

பேசியது பிரகாஷ். எனக்குப் பிறகு சக்கரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன்.

"சார், கேம்பர் வேன் ஒண்ணு வந்திருக்குதுங்க. உள்ளயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வெச்சிருக்காங்க. வர்ற வழியில டயர் வெடிச்சு, சக்கரம் பூரா ரப்பர் அப்பிக் கெடக்குது. கண்ணாடியாட்டம் பளபளன்னு இருக்கற சக்கரமுங்க. எதைப் போட்டுத் தொடைக்கறது?"

"மொதல்ல ஆறட்டும். நானே கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் ஆற வேண்டியது சக்கரம் இல்லை, நான்தான். கட்டிலும் அடுப்பும் வைத்த வண்டி, வெடித்த டயர், பளபளக்கும் சக்கரம் என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கேட்டு இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. 

நான் பி.ஏ. வரலாறு படித்தவன். அந்தப் படிப்பு ஒருவனை அரசாங்க உத்தியோகத்துக்கு அனுப்பும், இல்லையென்றால் தாய்மாமன் சொல்கிற இடத்துக்கு அனுப்பும். என் தாய்மாமன் கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த ஒரு டயர் பட்டறையைச் சொன்னார். முதல் வருடம் டீ வாங்கி வரப் பழகினேன். இரண்டாம் வருடம் எந்தக் கடையில் டீ வாங்கக் கூடாது என்று பழகினேன். மூன்றாம் வருடம் சக்கரத்தைத் தொட விட்டார்கள். மதிய இடைவேளையில் பேரரசுகளின் வீழ்ச்சி பற்றிப் படித்துவிட்டு, மாலையில் பஞ்சரான டியூப்களைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை.

எங்கள் மேஸ்திரி பெயர் பொன்னுச்சாமி. டயர் பட்டறையில் நாள் முழுக்க வெள்ளைச் சட்டையில் நிற்பார். சாயங்காலமும் அது வெள்ளையாகவே இருக்கும். பக்கத்தில் நிற்கிற நான் காலை பத்து மணிக்கே அடுப்புக்கரி மூட்டை மாதிரி ஆகிவிடுவேன். அவருடைய கோபத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. மனம் குளிர்ந்திருந்தால் "வாடா". சாதாரணமாக இருந்தால் "வாப்பா". எரிச்சல் என்றால் "வாங்க". நிஜமான கோபம் வந்தால், "ஏனுங்க சார், தாங்கள் சித்தெ இங்க வந்துட்டுப் போக முடியுமுங்களா?" அந்த "தாங்கள்" வந்துவிட்டால் பட்டறையில் ஸ்பேனர்கூட சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும். மனிதர்களிடம் இப்படி என்றாலும் சக்கரங்களிடம் அவர் பேசுவது தனி ராகம். "சும்மா இரு கண்ணு, இப்ப முடிஞ்சுரும்" என்று சொல்லிக்கொண்டே சுத்தியலால் ஒரு போடு போடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் வாடிக்கையாளரான ஒரு மில் முதலாளி ஒரு பழைய பஸ்ஸை வாங்கி வீடாக மாற்றினார். பெயர் வேண்டாம்; பேரன்மார் வருத்தப்படுவார்கள். முதலாளி என்றே சொல்கிறேன். கட்டில், கேஸ் அடுப்பு, ஜெனரேட்டர், சாமி படம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கிரைண்டர். கோயம்புத்தூர்க்காரர் வீடு என்று ஒன்றைக் கட்டினால் அது நின்றாலும் ஓடினாலும் உள்ளே கிரைண்டர் இருக்க வேண்டும். சக்கரங்களுக்கு நிக்கல் பூச்சு போட்டது நாங்கள். குனிந்து தலை வாரிக்கொள்ளலாம், அப்படிப் பளபளக்கும்.

முதலாளிக்கு ஒரே ஒரு பலவீனம். எங்கள் ஊர்ச் சிறுவாணித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் தொண்டையில் இறங்காது. எங்கள் ஊரில் இது நோய் இல்லை, ஊர்ப்பற்று. ஆனால் மற்றவர்கள் வெளியூர் போனால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது ஒரு வாய் குடிப்பார்கள். இவர் அதுவும் மாட்டார். பஸ் கூரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அது போதாது என்று, பின்னால் ஸ்டெப்னி டயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு தொட்டி.

"ஸ்டெப்னி எங்கீங்க வெக்கறது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"டயர் எங்க வேணா கெடைக்குமுங்க மேஸ்திரி. தண்ணி கெடைக்குமுங்களா?" என்றார் முதலாளி.

இதில் அவதிப்பட்டவர் அவருடைய மகன் செந்தில். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள், சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். கை நனைப்பது என்றால் சம்மதம் என்று அர்த்தம். ஆனால் கொடுக்கிற பலகாரத்தில் ஒரு துணுக்கு, ஒரு வாய் தண்ணீர், அதைத் தள்ள மாட்டார்கள். அதையும் தள்ளினால் 'உங்கள் சங்காத்தமே வேண்டாம்' என்று பொருள். முதலாளியோ ஒவ்வொரு வீட்டிலும் நீட்டிய டம்ளரைக் கையால் மறித்து, "ரங்கா, நம்ம சொம்பக் கொண்டா" என்று டிரைவரைக் கூப்பிடுவார். பெண் வீட்டார் முகம் அங்கேயே சுண்டிவிடும். தரகர் அடுத்த நாள் வந்து தலையைச் சொறிவார். செந்திலுக்கு முன்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்காரர் வீட்டில் பெண் பார்க்க, வீட்டு பஸ்ஸிலேயே புறப்பட்டிருக்கிறார்கள். முதலாளியின் மனைவி காலமாகிவிட்டவர். ஆகவே அப்பா, மகன், டிரைவர் ரங்கன் மூன்று பேர்தான். ரங்கன் காரமடைக்காரன், எது நடந்தாலும் பழியை அந்த ஊர் ரங்கநாதர் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பான். அவிநாசி தாண்டியதும் பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் வெளிச்சக்கரம் 'டமார்' என்றது. உள்ளே கிரைண்டரில் தோசைக்கு மாவு ஓடிக்கொண்டிருந்தது. படுத்திருந்த முதலாளி கேட்டிருக்கிறார்.

"என்றா சத்தம்?"

"கிரைண்டர் கல்லுங்க மொதலாளி, சித்தெ எடறுது" என்று சொல்லிவிட்டு ரங்கன் வண்டியை விடாமல் ஓட்டியிருக்கிறான். நல்ல நேரம் தப்பிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். உள்சக்கரம் ஒன்றின் தயவில் வண்டி ஓடியது. வெடித்த டயர் சும்மா இருக்குமா? பட்டை பட்டையாக உரிந்து, சுழன்று அடித்து, தேய்ந்து, உருகி, நிக்கல் சக்கரம் முழுவதும் அப்பளம் சுட்ட சட்டி மாதிரி ஆகிவிட்டது. புகை வந்த பிறகுதான் நிறுத்தினான்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பட்டறைக்குப் போன் வந்தது. விடுமுறை நாளில் நான் அங்கே இருந்ததற்குக் காரணம் கடமை உணர்ச்சி இல்லை. வீட்டில் ஒட்டடை அடிக்கச் சொல்லியிருந்தார்கள். மேஸ்திரியும் நானும் மெட்டடார் வேனில் வேறு டயர், ஜாக்கி, மண்ணெண்ணெய், திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

முதலாளி வண்டியை விட்டு இறங்கி நின்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெடித்தது பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. தோற்றம் பற்றித்தான்.

"ஏனுங்க மேஸ்திரி, மூஞ்சீல கரியப் பூசிக்கிட்டுப் பொண்ணூட்டு வாசல்ல போய் நிக்கறதுங்களா? சக்கரம் பழையபடி ஆச்சுன்னா போலாமுங்க. இல்லீன்னா வண்டிய ஊட்டுக்குத் திருப்பறதுதான். இந்த எடம் வேண்டாம்."

செந்தில் அப்பாவுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். நாலரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்குள் ஈரோட்டில் இருக்க வேண்டும்.

நான் ஆர்வமாகச் சக்கரத்தைத் தொடப் போனேன்.

"வாங்க" என்றார் மேஸ்திரி. கையை எடுத்துவிட்டேன். "ரப்பரும் ஆறோணும், மொதலாளியும் ஆறோணும். போயி டீ சொல்லுங்க."

அவருடைய முறையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சூட்டோடு சுரண்டினால் ரப்பர் மிட்டாய்ப் பாகு மாதிரி இழுபட்டு இன்னும் அகலமாகப் பரவும். ஆறவிட்டால் தானாக இறுகும். இரும்புத் தகடு, உளி எதுவும் கிட்டே வரக் கூடாது. நிக்கலில் கீறல் விழுந்தால் பிறகு அங்கே துருதான். தேங்காய்ச் சிரட்டையை உடைத்து, விளிம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்கி, அதைக் கொண்டு நெம்ப வேண்டும். பெரிய பட்டைகள் போன பிறகு, மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டைக் காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவது போல ஒற்றி வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான பகுதி. கறை இளகியதும் ஒரே திசையில் துடைப்பு. பிறகு சோப்புத் தண்ணீர், ஏனென்றால் மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் புதுசாக மாட்டுகிற டயரைத் தின்றுவிடும். கடைசியில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் காயுமுன் துணியால் ஒற்றல்.

அதற்கு முன் வண்டியைத் தூக்க வேண்டுமே. ஜாக்கி முனகியது, வண்டி அசையவில்லை.

"மொதலாளி, பாரம் எச்சா இருக்குதுங்க. தண்ணியத் தொறந்து உட்டமுன்னா..." என்று இழுத்தார் மேஸ்திரி.

"தண்ணி மேல கை வெச்சீங்கன்னா நான் மனுசனா இருக்க மாட்டேனுங்க."

அதனால் கட்டில் இறங்கியது. அரிசி மூட்டை இறங்கியது. கிரைண்டர், பாதி அரைத்த மாவோடு, நான்கு பேர் தூக்க இறங்கியது. நெடுஞ்சாலை ஓரம் வேப்பமரத்தடியில் ஒரு குடும்பமே குடிவந்த மாதிரி ஆகிவிட்டது. முதலாளி கட்டிலில் உட்கார்ந்தார். போகிற பஸ்ஸெல்லாம் வேகத்தைக் குறைத்து, என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போயின. இறக்கியதில் ஜாக்கிக்கு மனம் இளகி வண்டியைத் தூக்கியது. 

சக்கரத்தைக் கழற்றி, சிரட்டை, மண்ணெண்ணெய், சோப்பு எல்லாம் முறைப்படி முடித்தோம். கழுவுவதற்குப் பக்கத்துத் தோட்டத்து போர்த் தண்ணீரைப் பிடித்து வந்தேன். மேஸ்திரியும் சரி என்றார். அவரும் மனிதர்தானே. டயரை மாட்டி, சக்கரத்தைப் பொருத்தி, நிமிர்ந்து பார்த்தால், கொளுத்துகிற வெயிலில் ஒற்றும் முன்பே தண்ணீர் காய்ந்து, நிக்கல் முழுக்க உப்புப் பொட்டுகள். கருப்பாக இருந்த சக்கரம் இப்போது வெள்ளைப் புள்ளிக் கோலமாக இருந்தது.

முதலாளி கட்டிலில் இருந்தபடியே பார்த்தார். "தேமல் உழுந்த மாதிரி இருக்குதுங்களே. பாத்தீங்களா, இதுதானுங்க இந்தப் பக்கத்துத் தண்ணி. சக்கரத்துக்கே ஒத்துக்கலை. இதக் குடிச்சு வளந்த ஊருல போயி நான் பொண்ணு எடுக்கறதுங்களா? ரங்கா, சாமானம் ஏத்து. ஊட்டுக்குப் போலாம்."

வண்டியின் மறுபக்கம் செந்தில் எங்களை இழுத்துக்கொண்டு போனார். கண் கலங்கியிருந்தது.

"மேஸ்திரிண்ணா, ஒரு வழி சொல்லுங்க. இந்தப் பொண்ணு நம்மூருக் காலேஜுல படிச்சதுங்க. எனக்குத் தெரியும்."

"தெரியும்னா?"

"லைப்ரரியில பாத்திருக்கேனுங்க."

"பேசுனீங்களா?"

"இல்லீங்க. அது படிச்ச புஸ்தகத்தையே நானும் எடுத்துப் படிச்சேனுங்க."

"அதென்ன புஸ்தகம்?" என்று நான் ஆவலாகக் கேட்டேன்.

"மண்புழு வளர்ப்புங்கண்ணா."

மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு "தாங்கள்" தயாராகிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"தம்பி, உப்புப் பொட்டுப் போகோணும்னா நல்ல தண்ணி வேணும். நல்ல தண்ணி இங்க ஒரே எடத்துலதான் இருக்குது" என்று மேஸ்திரி பின்புறத் தொட்டியைக் காட்டினார். "ஆனா நான் தொட மாட்டேன். உங்கொப்பா மனுசனா இருக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு."

செந்தில் ஒரு நிமிடம் வேப்பமரத்தைப் பார்த்தார். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு, கிரைண்டரை ஏற்றுவது எப்படி என்று ரங்கனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். செந்தில் குனிந்து தொட்டிக் குழாயைத் திறந்தார். சொந்த வாழ்க்கையில் அவர் எடுத்த முதல் முடிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

என்ன தண்ணீர் அது! ஊற்ற ஊற்ற, உப்புப் பொட்டு இருந்த இடம் தெரியவில்லை. சக்கரத்தில் வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. ஆனால் அங்கேதான் வினை. ஒரு சக்கரம் இப்படிப் பளபளத்ததும் முன்சக்கரம் அழுக்காகத் தெரிந்தது. அதைக் கழுவினோம். இந்தப் பக்கம் இரண்டும் மின்னியதும் அந்தப் பக்கம் இரண்டும் அநாதை மாதிரி நின்றன. அவற்றையும் கழுவினோம். துடைக்கிற மும்முரத்தில் குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. கூரைத் தொட்டியும் பின்தொட்டியும் ஒரே குழாயில் இணைத்தவை என்பது எங்களுக்குத் தெரியாது. வாய்க்கால் மாதிரி ஓடிய தண்ணீர் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் இறங்கியது. எங்கிருந்தோ வந்த ஓர் ஆடு ஒரு வாய் குடித்துவிட்டு, தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடியும் குடித்தது. பிறகு அதை விரட்டவே முடியவில்லை.

குழாய் 'ஸ்ஸ்' என்று காற்றை விட்டபோதுதான் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"ஒரு சொம்பு கூட இல்லீங்களா?" என்றார் செந்தில்.

மேஸ்திரி தொட்டியைத் தட்டிப் பார்த்தார். கோயில் மணி மாதிரி ஒலித்தது. "இப்ப ஒண்ணுஞ் சொல்லாதீங்க. பொண்ணுப் பாத்துப்போட்டு வந்து பொறுமையா சாகலாம்" என்றார்.

முதலாளி வந்து சக்கரத்தைப் பார்த்தார். குனிந்து மீசையைச் சரிசெய்துகொண்டார். "போலாமுங்க" என்றார். "நீங்களும் கூட வாங்க மேஸ்திரி. வழியில மறுபடி வெடிச்சா யாரு பாக்கறது?" 

மண்டிக்காரர் வீட்டு வாசலில் நான்கு சக்கரமும் சூரியனைத் திருப்பி அடிக்க வண்டி நின்றது. ராகு காலத்துக்கு இன்னும் நேரமிருந்தது. ரப்பரும் மண்ணெண்ணெயுமாக இருந்த என்னைப் பார்த்துவிட்டு, ஒரு சோப்பைக் கொடுத்து வாசல் பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை மேஸ்திரியை மாப்பிள்ளையின் சித்தப்பா என்று நினைத்து, கையைப் பிடித்து அழைத்துப்போய் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். தொட்டிக்கு நேரே ஜன்னல். எனக்கு எல்லாம் தெரிந்தது.

"நீங்க மாப்ளைக்கு என்ன மொறைங்க?" என்று ஓர் அம்மணி மேஸ்திரியைக் கேட்டார்.

"சக்கரத்து வழியில சொந்தமுங்க" என்றார் மேஸ்திரி, கொஞ்சமும் அசராமல். அந்த அம்மாளும் "அப்பிடீங்களா, ரொம்ப சந்தோசமுங்க" என்று இன்னொரு முறுக்கு வைத்தார்.

பெண் வந்து வணங்கிவிட்டு நின்றது. செந்தில் தரையைப் பார்த்தார். முதலாளி மரியாதைக்கு ஒரு காரச்சேவு எடுத்து வாயில் போட்டார். ஈரோட்டுக் காரச்சேவு. ஒரு கடி. அடுத்த நொடி, "ஹிக்."

"தண்ணி குடியுங்க" என்று மண்டிக்காரர் டம்ளரை நீட்டினார்.

முதலாளி கையால் மறித்தார். "வேண்டா... ஹிக்... முங்க. ரங்கா! நம்ம சொம்பக் கொண்டா!" 

மண்டிக்காரர் முகம் சுண்டத் தொடங்கியது. செந்தில் கண்ணை மூடிக்கொண்டார். ரங்கன் சொம்போடு வண்டிக்கு ஓடியதை நான் பார்த்தேன். உள்ளே குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தவன் சொம்பைக் கவிழ்த்து ஒருமுறை ஆட்டினான். என்னைப் பார்த்தான். நான் சோப்பு நுரைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"மொதலாளி, தண்ணி இல்லீங்க."

"என்ன... ஹிக்... என்றா சொல்ற?"

"சொட்டு இல்லீங்க. ரங்கநாதருக்குத்தான் வெளிச்சம்."

 முதலாளி ஒவ்வொரு விக்கலுக்கும் நாற்காலியோடு துள்ளினார். அப்போது அந்தப் பெண் அப்பா கையில் இருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு நேராக முதலாளி முன்னால் வந்து நின்றது.

"எங்கூட்டுத் தண்ணி உப்புத்தானுங்க மாமா. நான் காலேஜு முடிச்சுட்டு வந்து ஒரு மாசம் நானே குடிக்கலீங்க. ஆனா விக்கல் நிக்குமுங்க."

முதலாளி டம்ளரைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். இன்னொரு "ஹிக்" வந்து அவரையே உலுக்கியது. வாங்கினார். மூக்கைப் பிடித்துக்கொள்ளாத குறையாகக் கண்ணை மூடி, மடமடவென்று குடித்தார். விக்கல் நின்றது. கூடமே காத்திருந்தது. டம்ளரைக் கீழே வைத்து, உதட்டைத் துடைத்து, யோசித்துச் சொன்னார்.

"பரவால்லீங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இதன் எடை தெரியாது. வெளியூர்த் தண்ணீருக்குக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய விருது அது. எந்த வீட்டிலும் தண்ணீர் குடிக்காதவர் என்ற பேச்சு ஈரோடு வரை வந்திருக்கும் போல, முறுக்கு வைத்த அம்மணி சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார்: "ஏனக்கா, மாப்ளையோட அப்பா நம்மூட்டுத் தண்ணி குடிச்சுட்டாருங்க! எலையப் போடுங்க!" அதற்குள் யாரோ வெற்றிலைத் தட்டையே கொண்டுவந்துவிட்டார்கள். செந்தில் கண்ணைத் திறந்தபோது அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

வெளியே வந்ததும் முதலாளி சக்கரத்துக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். விரலால் ஒரு தடவு தடவினார். நான் மேஸ்திரிக்குப் பின்னால் நின்றேன்; மேஸ்திரி செந்திலுக்குப் பின்னால் நின்றார்.

"எதுல கழுவுனீங்க மேஸ்திரி?"

"தண்ணியிலதானுங்க."

முதலாளி அந்தச் சக்கரத்தில் தெரிந்த தன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதான பாத்தேன். இந்த மினுமினுப்பு வேற எந்தத் தண்ணியில வரும்?" என்றார், மார்பு கொள்ளாத பெருமையோடு. பிறகு எழுந்து, பெண் வீட்டாரை எல்லாம் வாசலுக்குக் கூப்பிட்டு, எங்கள் ஊர்த் தண்ணீர் என்ன செய்யும் என்று ஒவ்வொரு சக்கரமாகக் காட்டினார். மண்டிக்காரரும் குனிந்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

திரும்பும் வழியில் மேஸ்திரி என் தோளைத் தட்டி, "டேய்" என்றார். என் பணிக்காலத்தில் நான் வாங்கிய ஒரே பதக்கம் அது.

இவ்வளவையும் நினைத்து முடிப்பதற்குள் பிரகாஷே மறுபடி கூப்பிட்டுவிட்டான். "சார், ஆறிப்போச்சுங்க. அடுத்தது என்ன பண்ணோணும்?"

சிரட்டை, மண்ணெண்ணெய், சோப்பு எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"கடைசீல கழுவறதுக்கு இங்க போர்த் தண்ணிதாங்க இருக்குது. பொட்டுப் பொட்டா நிக்குமேங்க?"

"அந்த வண்டிக்குள்ளயே நல்ல தண்ணி இருக்கும் பாரு. ஆனா அதைத் தொறக்கறதுக்கு முன்னால, உள்ள கல்யாணம் ஆகாத பையன் யாராச்சும் இருக்கானான்னு ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றேன்.

 பிரகாஷ் ரொம்ப மரியாதையாக, "ஏனுங்க சார், தாங்கள் மதியம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். பட்டறை நல்ல கைகளில்தான் இருக்கிறது.